இரைச்சல் இல்லாத பெட்டி

அந்த வீட்டின் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு கயிறு போகிறது. கதவு நிலைக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டு, முன்னறைப் பக்கம் ஒரு சிவப்புத் துணித்துண்டையும் பின்னறைப் பக்கம் ஒரு பெரிய கோட்டுப் பொத்தானையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்னறையிலிருந்து பொத்தானை ஒரு தடவை இழுத்தால் முன்னறையில் சிவப்புத் துணி துள்ளும். உடனே தையற்காரர் மிஷின் மிதியிலிருந்து காலைத் தூக்கிவிடுவார். இரண்டு தடவை இழுத்தால் மறுபடி மிதிக்கலாம். நடுவில் சும்மா உட்காருகிற ஆள் இல்லை அவர். பொத்தான் தைப்பார், ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவார், தப்பாகப் போன தையலைப் பிரிப்பார். கத்தரிக்கோலை மேசையில் வைத்தால் சத்தம் கேட்குமென்று மடியில் வைத்துக்கொள்வார்.

புருஷன் சத்தம் போட்டுப் பிழைக்கிறவர், பெண்டாட்டி சத்தம் இல்லாத நேரத்தில் பிழைக்கிறவள். இப்படி இரண்டு பேரை ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் கயிறு இல்லாமல் முடியாது. பின்னறைக்காரி பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவள். கதை சொல்கிற ஒலிப்புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பின்னணி இசை செய்து அனுப்புகிறவள். கல்யாணமாகி வந்த அன்று வண்டியிலிருந்து அவளுக்கு முன்னால் இறங்கியது அவளுடைய கீபோர்டு. "நகைப் பொட்டி வரும்னு பார்த்தா நாலடி நீளத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டி வருது" என்று தையற்காரரின் அக்கா வாசலிலேயே சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெட்டிக்காரி என்றே பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது.

பேர் வைத்த அந்த அக்காவைப் பெட்டிக்காரி அண்ணி என்பாள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். அண்ணி கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். தம்பி தைக்கிற சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டு ஓரம் கட்டுவது, அதாவது காஜா எடுப்பது, அவள் வேலை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி ஏறி இறங்க, வாயில் பாட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். யாரிடமும் கற்றுக்கொண்ட பாட்டு இல்லை. ஆனால் பின்னறையில் பெட்டிக்காரி ஒரு மெட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்னறையில் அண்ணி அதை முழுசாகப் பாடிக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் ஆயிரம் சண்டை வந்திருக்கிறது. குளிக்கிற வாளிக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை. பாட்டில் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

அப்படி இத்தனை வருடத்தில் ஆறு பாட்டுச் சேர்ந்திருந்தது. வேறு யாருக்கும் கொடுக்காமல், அண்ணி குரலுக்கென்றே பெட்டிக்காரி போட்ட ஆறு பாட்டு. அவற்றைப் பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்யாமல் இல்லை. எடுப்பாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்பாள். "பின்னாடி இரையுது அண்ணி" என்பாள். அழித்துவிடுவாள். "நல்ல பொட்டி ஒண்ணு வாங்கினதும் சுத்தமா எடுத்துக்கலாம். பாட்டு எங்க ஓடிரப்போகுது?"

பாட்டு ஓடவில்லை. குரல்தான் ஓடப் பார்த்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு தூசி என்றார்கள். கடைசியில் குரல் நரம்பில் ஒரு கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எடுத்தே ஆகவேண்டும். எடுத்தபின் குரல் திரும்பலாம், வேறு மாதிரி திரும்பலாம், திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் விரலை மடக்கி மூன்று விதமும் சொன்னார். அதுவரை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பாடுவதைப் பற்றிப் பெட்டிக்காரி ஒற்றைக் காலில் நின்று கெஞ்சினாள். காலையில் ஆவி பிடித்தபின் அரை மணி நேரம், வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் விட்டுக்கொடுத்தார். ஆபரேஷனுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையிலேயே பின்னறையில் முதல் பாட்டை எடுத்தார்கள். கேட்டுப் பார்த்த பெட்டிக்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. குரல் மெலிந்திருந்தது. அது தெரிந்த விஷயம். அதற்குமேல், வார்த்தைக்கு வார்த்தை காற்று கசிகிற மாதிரி ஓர் இரைச்சல் படர்ந்திருந்தது.

"இந்தப் பாழாப்போன பொட்டி!" என்று அவள் பழைய கம்ப்யூட்டரை ஓர் அறை அறைந்தாள்.

அறைந்ததில் நியாயம் உண்டு. அதை முடுக்கினால் உள்ளே யாரோ மாவு அரைக்கிற மாதிரிதான் கேட்கும். துணி வெட்டுகிற வீட்டில் காற்றைவிடப் பஞ்சுத் தூசி அதிகம். அது விசிறிக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், பெட்டி சூடாகும், சூடானதும் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். ஒரு முறை நீளமான ஒயர் போட்டு அதை முன்னறையில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் தூசி குடித்து மூச்சு முட்டி நின்றுபோயிற்று. வெளியே ஸ்டுடியோவில் எடுக்கலாமே என்றார் தையற்காரர். அண்ணி கறுப்புத் துணித்துண்டு ஒன்றை மடியில் விரித்து, துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினாள். பேச்சு நின்றதிலிருந்து அவளுக்கு அதுதான் வாய். "இந்தக் குரலோட வெளியாள் முன்னாடி நிக்க மாட்டேன்."

ஸ்டுடியோ அதோடு போயிற்று. இரைச்சல் இல்லாத ஒரு பெட்டியைத் தானே பாகம் பாகமாகப் பார்த்து வாங்கிப் பூட்டிவிடுவது என்று பெட்டிக்காரி முடிவு செய்தாள். அவள் முடிவு செய்துவிட்டால் அந்த வீட்டில் சுவர்கூட ஒதுங்கி வழிவிடும். மூன்று நாள் படித்தாள், தெரிந்தவர்களிடம் கேட்டாள், சட்டை வெட்டுகிற பிரவுன் காகிதத்தின் பின்பக்கம் முழுக்கப் பட்டியல் எழுதினாள். காசு விஷயம் அவர்களுக்குள் பேசித் தீர்த்த விஷயம். நமக்கு அதில் வேலையில்லை.

கம்ப்யூட்டர் கடை ஒரு நெருக்கடியான தெருவில் மாடியில் இருந்தது. கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்டவர். வந்தவர்களில் ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"வாங்க சார். கேம் விளையாடவா, ஆபீஸ் வேலைக்கா?"

தையற்காரர் பெண்டாட்டியைக் கைகாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பாட்டு எடுக்கறதுக்கு," என்றாள் பெட்டிக்காரி. "சத்தமே வரக்கூடாது."

"சத்தம் வராம என்னம்மா பாட்டு?"

"பாட்டுச் சத்தம் வரலாம். பொட்டிச் சத்தம் வரக்கூடாது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டியைப் போட்டுக் காட்டினார். உள்ளே விசிறிகள் பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி எரிந்தன. "இதுல ஏழு ஃபேன். நூறு கலர் மாறும். ரிமோட்டு இருக்கு."

"அந்த ஏழையும் கழட்டிட்டுக் குடுப்பீங்களா?"

கடைக்காரருக்கு வந்திருப்பது வேறு மாதிரி ஆள் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரவுன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ப்ராசஸர் ஏம்மா நடுத்தரமா எழுதியிருக்கீங்க? டாப்பே இருக்கு. பறக்கும்."

"எவ்வளவு சூடாகும்?"

"சூடாகத்தான் செய்யும். அதுக்குத்தானே ஃபேன்."

"அதான் வேண்டாங்கறேன். சூடு வந்தா ஃபேன் வேகமாச் சுத்தும், சுத்தினா இரையும். ரெண்டு படி கீழ இருக்கறதே எனக்கு தாராளம். ஆனா அதுமேல போடற கூலர் மட்டும், டாப் ப்ராசஸருக்குப் போடற பெரிய சைஸ் வேணும்."

"சின்னவனுக்குப் பெரியாள் சட்டையா?"

"லூசா இருந்தா வேர்க்காதுல்ல," என்றார் ஸ்டூலில் இருந்த தையற்காரர்.

கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதன்பின் மூன்று பேருக்கும் பேச்சு ஓடத் தொடங்கியது. கிராபிக்ஸ் கார்டு என்று அவர் ஆரம்பித்ததுமே பெட்டிக்காரி தலையை ஆட்டிவிட்டாள். திரையில் ஓடப்போவது நாலு கோடும் பத்துப் பட்டனும். அதற்கு ப்ராசஸரோடு வருகிற வசதியே போதும், தனியாக ஒரு கார்டு வைத்து அதற்கு இரண்டு விசிறியும் வைத்துச் சீராட்ட அவளால் ஆகாது. சுழலுகிற ஹார்ட் டிஸ்க்கும் கூடாது. நகம் மாதிரி மெல்லிசாக வருகிற எஸ்எஸ்டி இரண்டு, ஒன்று வேலைக்கு, ஒன்று வாத்தியச் சத்தங்களை வைத்துக்கொள்ள. ஒரு வயலின் சத்தத்தை ஏற்றினாலே அது நினைவகத்தில் பாய் விரித்துப் படுத்துவிடும் என்பதால் அந்த ஒன்றில் மட்டும் அவள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை, பாதிப் பாரம் ஏறுகிறவரை தன் விசிறியைச் சுற்றவே சுற்றாத வகையாக இருக்கவேண்டும்.

"அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா வாங்கினவங்க, ஃபேன் ஓடலைன்னு ரிப்பேருக்குக் கொண்டு வந்துருவாங்க. அதனால உள்ள வெச்சிருக்கேன்," என்று கடைக்காரர் ஏணி போட்டு ஏறினார்.

விசிறிகளிடம் வந்ததும் வண்டி நின்றது. மேசையில் மூன்று வகை இருந்தன. மூன்று அட்டையிலும் சத்தமில்லை என்றே போட்டிருந்தது. ஓடவிட்டுக் கேட்கலாமென்றால் தெருவின் ஹாரன் சத்தம் மாடிப்படி ஏறி வந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் அடங்கவில்லை. பெட்டிக்காரி கையைப் பிசைந்தாள்.

தையற்காரர் எழுந்து வந்தார். மேசையில் கிடந்த நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஓடுகிற விசிறியின் சட்டத்தில் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். "மிஷின்ல பேரிங் போயிருச்சான்னு இப்படித்தான் பார்ப்போம். வெளிச் சத்தம் எதுவும் வராது. இந்தா, கேளு."

முதல் விசிறி கரகரத்தது. இரண்டாவது தூரத்தில் யாரோ விசில் அடிக்கிற மாதிரி ஊதியது. மூன்றாவதில் காற்று மட்டும் இருந்தது. பெட்டிக்காரி கண்ணை மூடி அதை ஒரு நிமிஷம் கேட்டாள். "இது."

கடைக்காரர் தானும் வாங்கி மூன்றையும் கேட்டார். "இத்தனை வருஷமா விக்கிறேன். இன்னிக்குத்தான் கேக்கறேன்," என்றார். அதோடு நிற்காமல் கடையில் ஓடுகிற எல்லாவற்றின்மேலும் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக, இத்தனையையும் உள்ளே வைக்கிற கூடு. உள்பக்கம் கனத்த கம்பளி ஒட்டிய, கதவு தடித்த ஒன்று மூலையில் பார்வைக்கு வைத்திருந்தது. அட்டைப்பெட்டி இல்லை, அளவு எழுதிய தாளும் இல்லை. கடைக்காரரோ தண்ணீர் வடிகட்டியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தையற்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து அளந்தார். கூடு அகலம் எட்டேகால் இஞ்ச். கூலர் உயரம் ஆறரை.

"ஒண்ணே முக்கால் லூஸ் இருக்கு. தாராளமாப் போகும்," என்றார். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்த கை. பெட்டிக்காரி அதையே எடுத்துக்கொண்டாள்.

சொல்லி வைத்த சில பாகங்கள் வந்து சேர ஒரு வாரம் இழுத்துவிட்டது. எல்லாம் வந்த அன்று மத்தியானம், துணி வெட்டுகிற மேசையைத் துடைத்து, புது வேட்டி மாதிரி வெள்ளைத் துணி விரித்து, பூட்டத் தொடங்கினார்கள். அண்ணி திருகாணிகளைப் பொத்தான் டப்பாவில் ரகம் பிரித்து வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தாள். பெட்டிக்காரி ப்ராசஸரைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் கிடத்தினாள். சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பசையைப் பட்டாணி அளவுக்கு வைத்தாள். தையற்காரர் கூலரைத் தூக்கி வைத்து நாலு மூலையும் சமமாக முடுக்கினார். தூசி வராமலிருக்க, காற்று போகும் வழிக்கெல்லாம் கோட்டு உள்துணி வலையை இரட்டையாக மடித்துத் திரை தைத்திருந்தார். எல்லாம் கனகச்சிதமாக முடிந்தது. கதவைச் சாத்தினார்கள்.

கதவு சாத்தவில்லை. கூலர் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த செப்புக் குழாய் முனைகள் முட்டிக்கொண்டு நின்றன. கால் இஞ்ச்.

தையற்காரர் டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். இந்தத் தடவை உள்ளே. பாகங்களைப் பூட்டுகிற பலகைக்குப் பின்னால் ஒயர் போகிற இடம், கதவின் தடிமன், கம்பளியின் தடிமன் எல்லாம் தின்றதுபோக மிஞ்சியது ஆறேகால்.

"நான் வெளிய அளந்துட்டேன்," என்றார். முகத்தில் ஈயாடவில்லை. "உடம்புக்கு வெளியதானே அளவெடுத்துப் பழக்கம். உள்ளுக்கு அளந்ததே இல்லையே."

பெட்டிக்காரிக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு கடைக்குப் போன் போட்டாள். பசை போட்டுப் பூட்டிய கூலரைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், உயரம் குறைந்ததை வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார் கடைக்காரர். ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. போனை வைத்தாள்.

"கதவில்லாமலே ஓட்டினா?" என்று தையற்காரர் மெதுவாகக் கேட்டார்.

"கம்பளி ஒட்டின கதவு எதுக்கு வாங்கினோம்? திறந்து போட்டா உங்க பஞ்சுத் தூசி ரெண்டே நாள்ல உள்ள குடித்தனம் வந்துரும்." குரல் உடைந்தது. "எண்ணி எண்ணி இருக்கற நாள்ல, நீங்க ஒரு பக்கம்..."

அண்ணி சாக்குக்கட்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். கறுப்புத் துணியைத் தம்பி பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"சட்டை பிடிச்சா என்னடா செய்வே?"

"என்னக்கா செய்வேன்? பக்கத்துல ஒரு துண்டு வெச்சுப் பிரிச்சு..." தையற்காரர் பாதியில் நிறுத்தினார். கூட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடமிருந்து அரை இஞ்ச் தடிமனில் நாலு மரச்சட்டம் வந்தது. கூட்டுக்கும் கதவுக்கும் நடுவில் வைக்கிற மாதிரி அதைச் சதுரமாகப் பூட்டி, கோட்டின் தோள்பட்டைக்கு வைக்கிற பஞ்சைச் சுற்றி, கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத கைத்தையல் போட்டார். பழைய திருகாணி எட்டாததற்கு நீளமாக நாலு வாங்கி முடுக்கினார். கதவு பொத்தென்று வந்து உட்கார்ந்தது. அடுத்த வீட்டில் சாத்தின மாதிரி இருந்தது சத்தம்.

"பொட்டிக்கு இடுப்புப் பிரிச்சு விட்டாச்சு," என்றார். அண்ணி சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

பெட்டிக்காரி பட்டனை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"ஓடுதா?"

"ஓடுது."

"பொய் சொல்லாத." தையற்காரர் காதை வைத்துப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தார். கடைசியில் கூட்டின் பின்பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். வெதுவெதுவென்று காற்று பட்டதும்தான் நம்பினார். பெட்டிக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கால் இஞ்ச்சை அப்போதே மன்னித்துவிட்டாள்.

மறுநாள் காலை அண்ணி ஆவி பிடித்து, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். சமையலறை ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுருட்டியாயிற்று. பெட்டிக்காரி பொத்தானை ஒரு தடவை இழுத்தாள். முன்னறையில் மிஷின் நின்றது. அப்படி ஓர் அமைதி அந்த வீட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. அண்ணி எச்சில் விழுங்கியது ஹெட்போனில் கேட்டது.

அண்ணி பாடினாள். முதல் வார்த்தையோடு அந்த இரைச்சலும் வந்தது.

பெட்டிக்காரி ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். மைக்கின் திருகைப் பார்த்தாள். வரி முடிந்து அண்ணி மூச்சு வாங்க நின்றபோது இரைச்சலும் நின்றது. குரல் தொடங்கியபோது அதுவும் தொடங்கியது. ஒரு பாட்டு முழுக்க அப்படியே. அது பெட்டியின் இரைச்சல் இல்லை. பழைய பெட்டி அதைப் பாதி மூடித்தான் வைத்திருந்தது. பத்து நாளாக யாரைத் திட்டிக்கொண்டு யாருக்கு எதிராக ஓடினோம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"இன்னொரு தடவை அண்ணி," என்றாள். என்ன சொல்வதென்று தெரியாதபோது அவள் வாயில் வருவது அதுதான்.

இரண்டாம் தடவை குரல் இன்னும் ஒடுங்கியது. மூன்றாம் தடவை பாதியில் நடுங்கியது. நாலாம் தடவை அண்ணி வாயைத் திறந்து, மூடி, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும்டி," என்றாள் வாய்விட்டு. அவள் பேசிப் பத்து நாளுக்கு மேலாகியிருந்தது.

"ஐயோ, பேசாதீங்க அண்ணி."

"பாட விட்ட அரை மணிதானே, அதுல பேசிக்கறேன். இந்த அமைதி எனக்கு ஆகலை. என் மூச்சு என் காதுலயே விழுது. யாரோ பக்கத்துல நின்னு தப்புக் கண்டுபிடிக்கற மாதிரி இருக்கு." துண்டைத் தளர்த்திக்கொண்டாள். "அந்த இரைச்சல் என் தொண்டையோடதுதானே?"

பெட்டிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு முதல்லயே தெரியும். நீ பொட்டியைத் திட்டிக்கிட்டு அவ்வளவு வேகமா ஓடினே. வீட்டுல ஒரு ஆளாவது தெம்பா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"அழிச்சுட்டேன் அண்ணி." பெட்டிக்காரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நல்லா இருந்தப்ப நீங்க பாடினது அத்தனையும். பின்னாடி ஃபேன் இரையுதுன்னு, என் கையாலயே அழிச்சுட்டேன். அந்த ஃபேன் சத்தத்தோட ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதுமே இப்ப."

"அழிச்சது போகட்டும். இருக்கறதைப் பிடி. எனக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நீ அழுதா அதுல அஞ்சு போயிரும்." அண்ணி எழுந்தாள். "அந்தச் சிவப்பு லைட்டு எரியுதே, ஓடுதுன்னு அர்த்தமா?"

"ஓடிக்கிட்டேதான் இருக்கு."

"நிறுத்தாத."

அண்ணி கோட்டுப் பொத்தானை எட்டிப் பிடித்தாள். ஒரு தடவை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

முன்னறையில் சற்று நேரம் ஒன்றுமில்லை. தையற்காரர் யோசித்திருக்க வேண்டும். பிறகு மிஷின் ஓடத் தொடங்கியது. கால்சட்டையின் பக்கத் தையல் போல. நீளமாக, ஒரே சீராக, கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்காரியின் கை நிறுத்துகிற பட்டனுக்குப் பாதி தூரம் போய்விட்டது. அண்ணி கண்ணை மூடியிருந்தாள். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் இல்லாத ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தன. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளாக ஆகிவிட்டாள் அவள். வாயைத் திறந்தாள்.

குரல் வந்தது. பழைய குரல் இல்லை. மெலிந்த, காற்றுக் கசிகிற குரல்தான். ஆனால் பயப்படவில்லை. மிஷின் சத்தத்தின்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வந்தது. மூச்சுக்கு நிற்கவேண்டிய இடத்தில் நின்றது, மிஷின் அதற்காகக் காத்திருப்பதுபோல் ஓடியது, மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. தையல் ஓரத்துக்கு வந்து மிஷின் நின்றபோது வரியும் முடிந்தது. அவர் துணியைத் திருப்பி மிதித்தபோது அடுத்த வரி தொடங்கியது.

பெட்டிக்காரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஹெட்போனில் எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. மிஷின் சக்கரத்தின் ரீங்காரம் ஓரிடம், ஊசி துணியில் இறங்குவது ஓரிடம், அண்ணியின் குரல் ஓரிடம், அதிலிருந்து கசிகிற காற்று ஓரிடம். பழைய பெட்டியில் எடுத்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கூழாகியிருக்கும். அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்குக் கேட்டது. தான் தனியாகப் பின்னறையில் உட்கார்ந்து போட்டதாக நினைத்திருந்த மெட்டு, அவர் மிதிக்கிற வேகத்தில் இருந்தது. ஆறு பாட்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆறும் அதே வேகம்தான்.

பாட்டு முடிந்தது. மிஷினும் நின்றது. கதவு விரற்கடை அளவு திறந்து தையற்காரரின் மூக்கு தெரிந்தது.

"ரெண்டு தடவை இழுத்தீங்களே, முடிஞ்சிருச்சா? அக்கா பாடற மாதிரி இருந்துச்சு. நான் தப்பா மிதிச்சுட்டனா?"

"முடியலைடா. நீ போய்த் தை," என்றாள் அண்ணி. "நீளத் தையலா எடுத்துப் போடு. நடுநடுவுல நிறுத்தித் தொலைக்காத."

அவர் ஒன்றும் புரியாமல் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மூக்கு மறைந்தது. நாற்காலி இழுபடுகிற சத்தம், துணியை உதறுகிற சத்தம், எல்லாம் துல்லியமாகக் கேட்டது.

"ஊர்ல இல்லாத பாடுபட்டுச் சத்தமில்லாத பொட்டி வாங்கினது, அவன் மிஷின் சத்தத்தைப் பிடிச்சு வைக்கவா?" என்று அண்ணி சிரித்தாள். சிரிப்பிலும் காற்றுக் கசிந்தது. பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மைக்கின் முன் நேராக நின்றுகொண்டு, வழக்கமாக வருகிற வார்த்தைக்காகப் பெட்டிக்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, இன்னொரு தடவையா?"

முன்னறையில் மிஷின் ஓடத் தொடங்கியது.

"வேண்டாம் அண்ணி," என்றாள் பெட்டிக்காரி. "அடுத்த பாட்டு."